வகுப்பறையின் குறுக்குவெட்டு: ஆரோக்கியமான பள்ளிக்கட்டடம் வரைபடத் தாளிலேயே தொடங்குகிறது

முப்பது மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இருக்கும் வகுப்பறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தரைப்பரப்பு 60 சதுர மீட்டர், உயரம் 3 மீட்டர், ஆக 180 கன மீட்டர் காற்று. மழைக்கோ குளிருக்கோ தெருச் சத்தத்துக்கோ பயந்து கதவு ஜன்னல்களைச் சாத்தினால் என்ன ஆகும்? வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. அந்த அறையில் அது அரை மணி நேரத்தில் 1,700 பிபிஎம் வாக்கில் ஏறிவிடும். ஒரு மணி நேரத்தில் 3,000ஐ நெருங்கும். இடுக்குகளில் கசியும் காற்று இதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

இந்த அளவில் கார்பன் டை ஆக்சைடு நஞ்சு அல்ல. ஒருவர் வெளிவிட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு உள்ளிழுக்கிறார் என்பதைக் காட்டும் அளவுகோல் அது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858இலேயே இதைச் சொல்லி, 1,000 பிபிஎம்மை எல்லையாக வைத்தார். இந்த எண் ஏறும் அறையில் சளி, காய்ச்சல் கிருமிகளும், பெயின்டும் பலகையும் கக்கும் வாயுக்களும், வியர்வையும் வெப்பமும் கூடவே ஏறுகின்றன. கடைசி பாடவேளையில் குழந்தைகள் கண் சொருகுவதற்குச் சோம்பல் காரணம் அல்ல. பல நேரம் காற்றுதான் காரணம்.

கணக்கு எளிது. ஆளுக்கு விநாடிக்கு 8 லிட்டர் வெளிக்காற்று கொடுத்தால் 31 பேருக்குச் சுமார் 250 லிட்டர். மணிக்கு 900 கன மீட்டர். அதாவது அறைக்காற்று முழுவதும் மணிக்கு ஐந்து முறை மாற வேண்டும். அப்போது கார்பன் டை ஆக்சைடு 1,000 பிபிஎம்முக்குச் சற்றுக் கீழே நிலைகொள்ளும். ஐந்து லிட்டர்தான் தர முடியும் என்றால் 1,300 பக்கம் நிற்கும். இங்கிலாந்தின் பள்ளிகளுக்கான பிபி101 வழிகாட்டி, ஜன்னல் வழிக் காற்றோட்டம் உள்ள அறைகளில் வகுப்பு நேரச் சராசரி 1,500 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும், 2,000ஐத் தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் தாண்டக்கூடாது என்கிறது.

ஒரு பள்ளிக்கட்டடத்தின் ஆரோக்கியத்தில் பெரும்பங்கு, கட்டடம் எந்தத் திசையில் கிடக்கிறது, வராந்தா எங்கே ஓடுகிறது, அறையின் குறுக்குவெட்டு (செங்குத்தாக வெட்டிப் பார்த்தால் தெரியும் அமைப்பு) எப்படி இருக்கிறது என்ற மூன்று முடிவுகளிலேயே அடங்கிவிடுகிறது. இந்த மூன்றையும் தாளில் திருத்த ஒரு பென்சில் போதும். கட்டி முடித்த பிறகு எத்தனை இயந்திரம் வாங்கினாலும் இவற்றின் பிழையை முழுதாக ஈடுகட்ட முடியாது. சுற்றுச்சூழலுக்கு இதமான கட்டடமும் குழந்தைக்கு இதமான கட்டடமும் ஒரே குறுக்குவெட்டில் பொருந்த வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிட்டால் விலை கொடுப்பது குழந்தைதான்.

அப்படிக் கைவிட்டதற்குச் சரித்திரமே சாட்சி. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் எரிபொருளை மிச்சப்படுத்தக் காற்றோட்டத்தைச் சுருக்கினார்கள். குளிரூட்டல் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரேயின் 1981ஆம் ஆண்டுத் தரவரையறை, ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி போதும் என்றது. இறுக மூடிய கட்டடங்களில் தலைவலி, கண் எரிச்சல், மூச்சுத் தொல்லை பற்றிய புகார்கள் குவிந்தன. 1989இல் அதே அமைப்பு அளவை மூன்று மடங்காக, 15 கன அடியாக உயர்த்தியது.

வராந்தா எந்தப் பக்கம்

நடுவில் வராந்தா, இருபுறமும் வகுப்பறைகள் என்ற அமைப்பில் நிலமும் சுவரும் மிச்சமாகும். ஆனால் ஒவ்வொரு அறைக்கும் ஒரே ஒரு வெளிச்சுவர்தான் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் அறையில் காற்று, உயரத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம்வரைதான் ஒழுங்காகப் போகும். 3 மீட்டர் உயர அறையில் 6 மீட்டர். கடைசி வரிசை அதற்கு அப்பால் இருந்தால் அங்கே காற்று தேங்கும். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால் ஐந்து மடங்குவரை தாராளமாகப் போகும். ஆகவே வராந்தாவை ஒரு பக்கமாகத் தள்ளி, அந்தச் சுவரின் மேற்பகுதியில் வென்டிலேட்டர் வைப்பதுதான் இயற்கைக் காற்றை நம்பும் பள்ளிக்கு அடிப்படை. காற்று வீசாத நாளிலும், கீழே நுழையும் காற்று சூடேறி மேலே வெளியேற வழி இருந்தால் ஓட்டம் நிற்காது. நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் உயர வித்தியாசம் கூடக் கூட ஓட்டமும் கூடும்.

திறப்பின் அளவில்தான் அடிக்கடி ஏமாற்றம் நடக்கிறது. வரைபடத்தில் 4 சதுர மீட்டர் ஜன்னல் இருக்கும். அது ஸ்லைடிங் ஜன்னலானால் பாதிதான் திறக்கும். கொசுவலை போட்டால் அந்தப் பாதியிலும் கணிசமான பங்கு போய்விடும். மேலே உள்ள வென்டிலேட்டரின் கொக்கி கைக்கு எட்டாவிட்டால் அது முதல் மழையில் சாத்தப்பட்டு, பிறகு திறக்கப்படுவதே இல்லை. கீழ் ஜன்னலை ஒட்டி அலமாரி வந்து நிற்கும், கண்ணாடியில் விளக்கப்படம் ஒட்டப்படும். எனவே உண்மையாகத் திறக்கும் பரப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்: தரைப்பரப்பில் குறைந்தது 5 சதவீதம், மேற்சொன்ன அறைக்கு 3 சதுர மீட்டர், அதுவும் இரண்டு சுவர்களுக்குமாகப் பகிர்ந்து. வலை போடுவதானால் இரட்டிப்பாகக் கொள்வது நல்லது. மழையிலும் திறந்து வைக்கக்கூடிய, மேலே கீல் போட்டு வெளிப்புறம் சாயும் கதவும், தரையில் நின்றே இயக்கும் நீள் கம்பியும் சிறு செலவுகள். அவை இல்லாமல் போனால் மற்ற எல்லாக் கணக்கும் வீண்.

கடுங்குளிர் நாடுகளில் ஜன்னலைத் திறப்பது வெப்பத்தைக் கொட்டிவிடும். அங்கே வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் கருவி தேவை. ஃபிராங்க்ஃபர்ட்டில் 2004இல் திறக்கப்பட்ட ரீட்பெர்க் தொடக்கப்பள்ளி இந்த வழியில் கட்டப்பட்ட ஆரம்பகால அரசுப் பள்ளிகளில் ஒன்று. இதன் பலவீனம் வடிகட்டி. மாற்ற ஆளும் பணமும் ஒதுக்கப்படாத பள்ளியில் அது அடைபட்டு, விசிறி ஓடும் சத்தம் மட்டும் மிஞ்சும். வெளிக்காற்றே புகையும் தூசியுமாக இருக்கும் இடத்தில் அறைக்குள் வைக்கும் வடிகட்டிக் கருவி தூசியைக் குறைக்கும். கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கருவி இருக்கிறது என்று ஜன்னலை நாள் முழுக்க மூடி வைப்பது பெரும் தவறு. வாகனங்கள் நின்று புகைவிடும் வாசலுக்கு எதிரே காற்று நுழையும் திறப்பை வைக்காமல் இருப்பது எந்த வடிகட்டியையும்விட மலிவு.

கூரையும் வெப்பமும்

உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுமார் 75 வாட் வெப்பம் வெளியிடுகிறார். 31 பேருக்கு 2,300 வாட். ஒரு மின் ஹீட்டர் ஓயாமல் எரிவதற்குச் சமம். இதற்கு மேல் கூரை. உச்சி வெயிலில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 1,000 வாட் அளவுக்குச் சூரியன் விழுகிறது. வெறும் சாம்பல் நிறக் கான்கிரீட் அதில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கை உறிஞ்சி, சில மணி நேரம் தாமதித்து, பிற்பகல் வகுப்பின்மீது இறக்குகிறது. காற்று அவ்வளவு சூடாக இல்லாவிட்டாலும் தலைக்கு மேலே சூடான தளம் இருந்தால் உடல் தகிக்கும்.

இது சௌகரியப் பிரச்சினை மட்டும் அல்ல. அமெரிக்காவில் சுமார் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு முடிவுகளை வைத்து 2020இல் வெளியான ஆய்வு, குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில் ஒரு கல்வியாண்டின் சராசரி வெப்பம் ஒரு பாரன்ஹீட் பாகை கூடினால் அந்த ஆண்டுக் கற்றலில் ஒரு சதவீதம் குறைகிறது என்று கண்டது.

முதல் வேலை கூரையை வெள்ளையாக்குவது. புதிய வெள்ளைப் பூச்சு வெயிலில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். அழுக்கும் பாசியும் படிந்து சில ஆண்டுகளில் அது 60 சதவீதத்தை நெருங்கும்; ஆண்டுக்கொரு முறை கழுவுவதைப் பராமரிப்பு அட்டவணையில் எழுதி வைக்க வேண்டும். இன்னும் நல்லது இரட்டைக் கூரை. புர்கினா ஃபாசோவின் காண்டோ கிராமத்தில் 2001இல் கட்டி முடிக்கப்பட்ட தொடக்கப்பள்ளியில் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கெரே இதைத் தெளிவாகச் செய்து காட்டினார். சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கற்களால் சுவரும் உட்கூரையும், உட்கூரையில் துளைகள், அதற்கு மேலே இரும்புக் கம்பிச் சட்டங்களில் தூக்கி நிறுத்திய, சுவரைத் தாண்டி நீளும் உலோகத் தகட்டுக் கூரை. சூரியனின் அடியைத் தகடு வாங்கிக்கொள்கிறது. இடைவெளியில் காற்று ஓடி அந்த வெப்பத்தை அள்ளிச் செல்கிறது. வகுப்பறையின் சூடான காற்றும் துளைகள் வழியே மேலேறி அதோடு போய்விடுகிறது. 2004இல் இப்பள்ளிக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. 2022இல் கெரே, கட்டடக் கலைஞர்களுக்கான உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருது பெற்றார். பாராட்டைவிட முக்கியமானது, இந்த அமைப்பில் பழுதாகும் இயந்திரம் எதுவும் இல்லை என்பது.

கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காகக் கிடந்தால் ஜன்னல்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். உயர்ந்து நிற்கும் சூரியனை அங்கே ஒரு சன்ஷேடே மறைத்துவிடும். கிழக்கு, மேற்குச் சூரியன் தாழ்வாக வருவதால் சன்ஷேடை எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை. அந்தப் பக்கங்களில் படிக்கட்டு, கிடங்கு, கழிப்பறை போன்றவற்றை வைப்பது வழக்கமான, சரியான தீர்வு. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலின்மீது காற்றை நகர்த்தி இரண்டு மூன்று பாகை குறைந்தாற்போல் உணரச் செய்கிறது. காற்றே உடல் வெப்பத்தைத் தாண்டும் நாளில் அந்த உதவியும் குறைந்துவிடும். கூரையைக் கவனிக்காமல் விசிறிகளைக் கூட்டிக்கொண்டே போவது அதனால்தான் ஓரளவுக்கு மேல் பலிப்பதில்லை.

வெளிச்சமும் தூணும்

மேசைமீது 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போதும். ஜன்னல் வெளிச்சம், ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டலின் உயரத்தைப் போல் சுமார் இரண்டு மடங்கு ஆழம்வரை பயன்படும். எனவே ஜன்னலை அகலமாக்குவதைவிட லிண்டலை உயர்த்துவதில் பலன் அதிகம். மேசை மட்டத்துக்குக் கீழே உள்ள கண்ணாடி வெளிச்சம் தருவதில்லை, வெப்பம்தான் தரும். கலிபோர்னியாவின் ஒரு பள்ளி மாவட்டத்தில் 1999இல் நடந்த ஹெஷாங் மஹோன் ஆய்வில், பகல் வெளிச்சம் மிகுந்த வகுப்பறை மாணவர்கள் ஓராண்டில் கணிதத்தில் 20 சதவீதமும் வாசிப்பில் 26 சதவீதமும் வேகமாக முன்னேறினார்கள். இந்த எண்களை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே குழு வேறொரு மாவட்டத்தில் 2003இல் செய்த ஆய்வில் அந்த நேரடித் தொடர்பு கிடைக்கவில்லை என்பதையும், கண்கூச்சம் கற்றலைக் கெடுத்தது தெரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வடிவமைப்பவருக்குப் பாடம் இதுதான்: வெயிலை நேரே விடாமல் வெளிச்சத்தை மட்டும் விட வேண்டும். கரும்பலகைச் சுவரில் ஜன்னல் கூடாது. உட்கூரைக்கு வெள்ளை தவிர வேறு நிறம் வேண்டாம்.

இங்கே ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கான்கிரீட் தூண்களுக்கு இடையே முக்கால் உயரம் சுவர் எழுப்பி, மேலே நீளமாக வென்டிலேட்டர் பட்டை விடுவது காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அருமையான ஏற்பாடு. நிலநடுக்கத்தில் அதுவே எமனாகலாம். சுவர் இறுக்கிப் பிடித்திருப்பதால் தூணில் திறப்பு உயரம் மட்டுமே அசைய முடியும். முழு விசையும் அந்தக் குட்டைப் பகுதியில் குவிந்து தூண் குறுக்காக வெட்டுப்படும். உலகின் பல நிலநடுக்கங்களில் பள்ளிகள் இப்படி விழுந்திருக்கின்றன. சுவருக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி விட்டு மென்மையான பொருளால் நிரப்பி, சுவர் சாயாமல் தனியாகப் பிடிமானம் கொடுக்க வேண்டும். தூணின் முழு உயரத்துக்கும் வளையக் கம்பிகளை நெருக்கிக் கட்ட வேண்டும். கட்டடக் கலைஞரும் கட்டமைப்புப் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய விஷயம் இது.

கேட்கும் அறை

சத்தத்தைப் பற்றிப் பள்ளி கட்டுபவர்கள் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் மேம்பால ரயில் பாதையை ஒட்டிய பி.எஸ். 98 பள்ளியில் ஆர்லின் பிரான்சாஃப்ட் செய்த ஆய்வு 1975இல் வெளியானது. ரயில் பக்கத்து அறைகளில் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். தண்டவாளத்தில் ரப்பர் மெத்தையும் வகுப்பறைகளில் ஒலி உறிஞ்சும் உட்கூரையும் போட்ட பிறகு, 1981இல் வெளியான தொடர் ஆய்வில் அந்த இடைவெளி மறைந்திருந்தது.

ஆளில்லாத வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபெல்லுக்குள்ளும், எழும் ஒலி அடங்கும் நேரம் 0.6 விநாடிக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஒலி அடங்கும் நேரத்தை அறையின் கன அளவையும் ஒலி உறிஞ்சும் பரப்பையும் கொண்டு கணக்கிடும் சபைன் சூத்திரப்படி 180 கன மீட்டர் அறைக்கு 48 சதுர மீட்டர் உறிஞ்சுபரப்பு வேண்டும். உறிஞ்சுதிறன் 0.8 உள்ள, அதாவது விழும் ஒலியில் 80 சதவீதத்தை உறிஞ்சும் பலகையை 60 சதுர மீட்டர் உட்கூரை முழுதும் பதித்தால் கணக்கு அப்படியே சரியாக வரும். வெறும் பூச்சுச் சுவரும் சிமெண்ட் தரையும் மட்டும் இருந்தால், பிள்ளைகள் நிறைந்திருக்கும்போதுகூட ஒலி ஒன்றரை முதல் இரண்டு விநாடி சுற்றும். ஆசிரியரின் சொல் அடுத்த சொல்லின்மீது விழும். தொண்டை கட்டிப்போகும். செவித்திறன் குறைந்த பிள்ளையும், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளையும் முதலில் தொலைந்துபோவார்கள்.

ஆனால் உட்கூரை முழுவதையும் பலகையால் மூடினால், இரவுக் காற்றில் குளிர்ந்து பகலில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் கான்கிரீட் தளம் அறையிலிருந்து பிரிந்துவிடும். இரவுக் குளிர்ச்சியை நம்பும் கட்டடத்தில் அது பெரிய இழப்பு. பலகைகளைச் செங்குத்தாகத் தொங்கவிடுவது, அல்லது உட்கூரையில் பாதியும் பின்சுவரிலும் மேல்சுவர்களிலும் மீதியுமாகப் பிரிப்பது நடைமுறைத் தீர்வு. பின்சுவரில் பதிப்பதற்குத் தனிப் பலன் உண்டு: ஆசிரியரின் குரல் அங்கே மோதித் திரும்பாது.

புதுக் கட்டட வாசனை

புது வகுப்பறையின் வாசனையைச் சிலர் விரும்புகிறார்கள். அது பெரும்பாலும் பெயின்ட், பசை, பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை) விடும் வாயுக்கள். அவற்றில் ஒன்றான ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. வெப்பமும் ஈரமும் கூடினால் அது வேகமாக வெளியேறும்; வெட்டிய விளிம்புகளில்தான் அதிகம். ஃபார்மால்டிஹைடு குறைவாக விடும் ஈ1 அல்லது அதற்கும் மேலான தரப் பலகை வாங்குவதும், எல்லா விளிம்புகளுக்கும் பட்டை ஒட்டுவதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை. கட்டி முடித்ததும் வெளிக்காற்றால் அறையைக் கழுவ வேண்டும். பசுமைக் கட்டடங்களுக்குத் தரச்சான்று தரும் லீட் (LEED) மதிப்பீட்டு முறை சொல்லும் அளவு, தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 4,270 கன மீட்டர் காற்று. மணிக்கு ஐந்து முறை காற்று மாறும் நம் அறையில் அதற்கு இரவும் பகலுமாகப் பன்னிரண்டு நாள் ஆகும். திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் பெயின்ட் அடிப்பது எவ்வளவு தவறு என்பது இதிலேயே தெரியும். விடுமுறையின் முதல் வாரத்தில் அடித்துவிட வேண்டும்.

பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது. பழைய பள்ளியைப் புதுப்பிக்கும்போது பழைய பெயின்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது; நனைத்துச் சுரண்டி, தூளைச் சேகரித்து அகற்ற வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்க வேண்டும். குடிநீர்க் குழாயின் பித்தளைப் பாகங்களிலும் ஈயம் இருக்கலாம். வார இறுதியில் தேங்கி நிற்கும் நீரில் அது கரையும் என்பதால் திங்கள் காலை முதல் தண்ணீரைச் சில நிமிடம் திறந்துவிடுவது எளிய காப்பு.

நனைந்த சுவரோ பலகையோ இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஓதம் ஏறிய சுவரில் மேலே மேலே பெயின்ட் அடிப்பது நோயை மூடி மறைப்பது. கூரைக் குழாயின் அடைப்பு, தரைமட்டத்தில் ஈரத்தடுப்புப் படை இல்லாதது, சுவரோரம் மண் குவிந்திருப்பது ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

கழிப்பறை, தண்ணீர், முற்றம்

எளிய வசதியுள்ள பள்ளிகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி, 25 மாணவியருக்கு ஒரு கழிப்பறை, 50 மாணவருக்கு ஒரு கழிப்பறையும் ஒரு சிறுநீர்ப்பிறையும் என்று சொல்கிறது. பாதிப் பேர் மாணவியராக உள்ள 500 பேர் பள்ளிக்குப் பத்தும் ஐந்தும். எண்ணிக்கை இருந்தும் பிள்ளைகள் அடக்கிக்கொள்வதற்குக் காரணங்கள் சிறியவை: உள்தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் அறைக்கு வெளியே, நாற்றம், விளக்கில்லை. மாணவியர் கழிப்பறைக்குள்ளேயே குழாயும் மூடியுள்ள குப்பைக்கூடையும் ஒரு சிறு அலமாரித் தட்டும் வேண்டும். தண்ணீர்த் தேவை குடிக்கவும் கைகழுவவும் தூய்மைக்குமாக ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர், ஆக 2,500 லிட்டர். வாளியால் ஊற்றும் கழிப்பறையானால் இதோடு 750 முதல் 1,500 லிட்டர். தொட்டி வைத்த ஃபிளஷ் ஆனால் 5,000 முதல் 10,000 லிட்டர். தண்ணீர் அரிதான இடத்தில் இந்த ஒரு முடிவு மற்ற சிக்கனம் எல்லாவற்றையும் மிஞ்சிவிடும்.

500 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் வீணாவது போகச் சுமார் 8,000 லிட்டர் கிடைக்கும். முதல் ஒரு மில்லிமீட்டரான 500 லிட்டரைத் தூசியோடு வெளியே விட்டுவிட வேண்டும்.

முற்றத்துக்குச் செலவிடுவதை ஆடம்பரமாக நினைப்பவர்கள் சீனாவின் குவாங்சோவில் நடந்து 2015இல் வெளியான பரிசோதனையைப் பார்க்கலாம். தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருந்த குழந்தைகளில் மூன்றாண்டில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதத்தினருக்கு. வெளியே இருக்க நிழல் வேண்டும், நிழலுக்கு மரம் வேண்டும். செயற்கைப் புல்தரை கடும் வெயிலில் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். அங்கே யாரும் விளையாட முடியாது.

சூரியத் தகடு பள்ளிக்கு இயல்பாகப் பொருந்தும், வேலை நேரமும் வெயில் நேரமும் ஒன்றே என்பதால். ஆனால் அதைக் கடைசியில் கணக்கிட வேண்டும், தேவையைக் குறைத்த பிறகு. அதைவிடக் கனமான விஷயம் கட்டுமானமே. உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. தூணும் தளமும் உறுதியாக உள்ள பழைய கட்டடத்தை இடிக்காமல் கூரைக்கு வெள்ளை அடித்து, எதிர்ச்சுவரில் வென்டிலேட்டர் திறந்து, ஒலிப்பலகை பதித்து, ஓதத்தை நிறுத்தினால் பெரும்பாலான நன்மை கிடைத்துவிடும்.

கட்டடத்தைப் பெற்றுக்கொள்ளும் நாளில் பள்ளி சரிபார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. 31 பேரை ஓர் அறையில் ஒரு பாடவேளை உட்காரவைத்து, முதலில் வெளிக்காற்றில் 420 காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்ட மீட்டரால் கார்பன் டை ஆக்சைடை அளக்க வேண்டும். கடைசி வரிசை மேசையில் லக்ஸ், வெறும் அறையில் டெசிபெல், பிற்பகல் மூன்று மணிக்கு உட்கூரையின் அடிப்பரப்பு வெப்பம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதே அளவீட்டை ஓராண்டு கழித்து, மிக வெப்பமான மாதத்திலும் மிக ஈரமான மாதத்திலும் திரும்பச் செய்ய வேண்டும். ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டிய நிறுத்திவைப்புத் தொகையை அதுவரை விடுவிக்கக்கூடாது.